உதட்டில் திரும்பத் திரும்ப வரும் கொப்புளம்: க்ரீமா, மாத்திரையா, சும்மா விடுவதா?

போன ஆவணியில் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். முதல் நாள் ராத்திரி பூ கட்டிக்கொண்டிருக்கும்போது கீழுதட்டின் இடது ஓரம் நமநமவென்றது. நாக்கால் தடவிப் பார்த்தேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. கண்ணாடியிலும் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் எனக்குத் தெரிந்துவிட்டது. எட்டாம் வகுப்பில் டைபாய்டு வந்து எழுந்த வருஷத்திலிருந்து அதே இடத்தில்தான் வருகிறது, அதுவும் இப்படிச் சொல்லிவிட்டுத்தான் வருகிறது. என் முகத்தைப் பார்த்தே தங்கை கேட்டாள்: "என்னக்கா, வந்துருச்சா?"

முப்பது வருஷத்தில் இதற்கு நான் பார்க்காத வைத்தியம் இல்லை. சின்ன வயதில் பாட்டி "பூச்சி எச்சம் பட்டிருக்கு" என்று வேளார் தெருவுக்கு அழைத்துப்போய் அக்கி எழுதிவிட்டாள். அப்புறம் நெய், தேன், பற்பசை, ஐஸ்கட்டி. கல்லூரிக்கு வந்தபின் ஆயின்ட்மென்ட், வேலைக்கு வந்தபின் மாத்திரை. வேடிக்கை என்னவென்றால், இவை எல்லாமே "கேட்டன". கேட்காமல் என்ன செய்யும்? இந்தக் கொப்புளத்தை அப்படியே விட்டாலும் ஏழிலிருந்து பத்து நாளில் தானாக ஆறிவிடும். மூன்றாம் நாள் எதைப் பூசினாலும் எட்டாம் நாள் அதற்கு நல்ல பெயர் கிடைத்துவிடும்.

அதனால் இந்த மருந்துகளை ஒப்பிடும்போது "ஆறியதா?" என்று கேட்பதில் பயனில்லை. எத்தனை நாள் மிச்சமானது, அடுத்த தடவை வருவது தள்ளிப்போனதா, அதற்கு எவ்வளவு செலவு, எவ்வளவு தொந்தரவு என்று கேட்டால்தான் வித்தியாசம் தெரியும்.

முதலில், இது அதுதானா?

காய்ச்சல் கொப்புளம், சூட்டுக் கொப்புளம், உதட்டு அக்கி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ், முதல் வகை. இந்தப் பெயரை இணையத்தில் தட்டிப் பார்த்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்காதவர்களை எனக்குத் தெரியும். ஏதோ தகாத நோய் வந்துவிட்டதாகப் பதறிப்போகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 50 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 380 கோடிப் பேர், அதாவது 64 சதவீதம், இந்த வைரஸைச் சுமக்கிறார்கள். பெரும்பாலும் குழந்தையாக இருக்கும்போது வீட்டுப் பெரியவர்கள் கொடுத்த முத்தத்தில் வந்தது. பலருக்கு ஆயுசுக்கும் ஒரு கொப்புளம்கூட வராது. நம்மைப் போன்ற சிலருக்குத்தான் வந்துகொண்டே இருக்கும்.

உள்ளே வந்த வைரஸ் வெளியே போவதில்லை. முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பின் முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்கிறது. காய்ச்சல், கடும் வெயில், தூக்கக் கேடு, மனக் கவலை, மாதவிலக்கு, பல் டாக்டர் வாயை அகலத் திறந்து வேலை பார்த்த நாள் என்று ஏதோ ஒன்று எழுப்பிவிட, அதே நரம்பின் வழியாக உதட்டுக்கு இறங்குகிறது. அதனால்தான் ஒரே இடத்தில் வருகிறது.

அடையாளம் அது வரும் ஒழுங்கில் இருக்கிறது. முதலில் சில மணி நேரத்திலிருந்து ஒரு நாள் வரை நமைச்சல், எரிச்சல், விறுவிறுப்பு. அடுத்து சிவந்த தடிப்பு. பிறகு ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக நீர்க் கொப்புளங்கள். அவை உடைந்து புண்ணாகி, பழுப்பு நிறத்தில் பொருக்குத் தட்டி, சிரித்தால் வெடித்து, கடைசியில் தழும்பில்லாமல் உதிர்ந்துவிடும்.

இந்த ஒழுங்கு இல்லையென்றால் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். வாய்க்குள், கன்னத்தின் உள்பக்கத்திலோ நாக்கின் அடியிலோ நடுவில் வெளுத்துச் சுற்றிலும் சிவந்திருப்பது சாதாரண வாய்ப்புண், அது ஒட்டாது. இரண்டு கடைவாயிலும் ஒருசேர வெடித்துப் பிளந்திருந்தால் பூஞ்சையோ, பொருந்தாத பல்செட்டோ, இரும்புச் சத்து அல்லது பி வைட்டமின் குறைவோ இருக்கலாம். குழந்தைகளின் மூக்கடியில் தேன் நிறத்தில் காய்ந்திருப்பது பெரும்பாலும் பாக்டீரியாப் புண். இவை எதற்கும் கீழே சொல்லப்போகும் மருந்துகள் உதவாது.

நம் ஊரில் பெரிதாக ஏமாற்றுவது இன்னொன்று. எங்கள் பள்ளியில் ஒரு சாருக்கு நான்கு வருஷமாக உதட்டின் ஒரே இடத்தில் புண் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் ஹெர்பிஸ் ஆயின்ட்மென்ட்தான் போட்டார். ஒரு தோல் டாக்டர் பார்த்த உடனே கேட்ட கேள்வி: "இது வர்றதுக்கு முதல் நாள் ஏதாவது மாத்திரை போட்டீங்களா?" யோசித்தால், வயிற்றுப்போக்கு வரும்போதெல்லாம் மெடிக்கல் ஷாப்பில் தானே வாங்கிப் போடும் மாத்திரை! அது மருந்து ஒவ்வாமை. அந்த மருந்தைப் போட்ட சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ பழைய இடத்திலேயே புண் கிளம்பும். உதடு அதற்குப் பிடித்தமான இடம். சில ஆன்டிபயாடிக், சில வலி மாத்திரை, வயிற்றுப்போக்குக்குத் தரும் சில கூட்டு மாத்திரைகள் இப்படிச் செய்யும். காய்ச்சலுக்கு மாத்திரை போட்ட பின் உதட்டில் புண் வந்தால், காய்ச்சல் கிளப்பியதா மாத்திரை கிளப்பியதா என்று குழம்பிப்போவது இயல்புதான். ஒரு துப்பு உண்டு: ஒவ்வாமைப் புண் ஆறிய இடம் கருத்துப்போய் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். அந்த சாரின் உதட்டிலும் கரும்பொட்டு இருந்தது. பீடி குடித்த கறை என்று வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார், பாவம்.

இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், அடியில் கெட்டியாக இருக்கும் புண், புகையிலை, பான் பழக்கம் உள்ளவரின் உதட்டில் வந்த புண் ஆகியவற்றை இந்தக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது. நேராக டாக்டரிடம்.

சும்மா விடுவது

வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை சின்னதாக வந்து போகிறவர்களுக்கு இது சோம்பேறித்தனமில்லை, சரியான முடிவே. காயாமல் பார்த்துக்கொள்ள வாசலின், வலித்தால் பாராசிட்டமால், பொருக்கைப் பிய்க்காத பொறுமை. இவ்வளவுதான் தேவை. காரக் குழம்பும் எலுமிச்சை ஊறுகாயும் இரண்டு நாள் தள்ளி நிற்கட்டும்.

அக்கி எழுதுவதையும் இந்தக் கணக்கில்தான் வைப்பேன். காவியைக் குழைத்து இறகால் எழுதிவிட்ட கை இன்னும் ஞாபகமிருக்கிறது. ஜில்லென்றிருக்கும், எரிச்சல் அடங்கும், புண்ணைத் தொடாமலும் இருப்போம். தொடாமல் இருப்பதே பாதி வைத்தியம். வைரஸை அது ஒன்றும் செய்வதில்லை. கண்ணுக்கு அருகில் பரவும் அக்கிக்கு இதை நம்பிக்கொண்டு நாளைக் கடத்துவதுதான் ஆபத்து.

தேன் பற்றி ஒரு நல்ல ஆய்வே இருக்கிறது. நியூசிலாந்தில் மருந்துக் கடைகள் வழியாக 952 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு அந்நாட்டுக் கானுக்கா மரத்தின் தேனிலிருந்து செய்த க்ரீம், பாதிப் பேருக்கு இந்த வைரஸுக்கான அசைக்ளோவிர் என்ற மருந்தின் க்ரீம் கொடுத்தார்கள். 2019-இல் வெளியான முடிவு: அசைக்ளோவிரில் 8 நாள், தேனில் 9 நாள். குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பாட்டி வைத்தியம் வென்றது என்று இதைப் பகிர்கிறவர்கள் உண்டு. நான் வேறு மாதிரி படிக்கிறேன். ஒன்றும் செய்யாவிட்டாலும் கிட்டத்தட்ட இத்தனை நாள்தானே ஆகும்? அப்படியென்றால் தேனின் பெருமையைவிட க்ரீமின் சிறுமைதான் இதில் அதிகம் தெரிகிறது. இன்னொன்று, அது மருத்துவத் தரத்துக்குச் சுத்திகரித்த தேன். நம் அடுக்களை பாட்டிலை அதற்கு ஈடாக எடுத்துக்கொள்ள முடியாது.

லைசின் என்ற அமினோ அமிலக் கேப்ஸ்யூலை வெளிநாட்டு உறவினர்கள் சூட்கேஸில் கொண்டுவந்து கொடுப்பார்கள். தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2015 தொகுப்பாய்வு சொல்லிவிட்டது. எனக்கு வந்த டப்பாவை நான் முடிக்கவில்லை.

க்ரீம்

மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் முதலில் கைக்கு வருவது ஐந்து சதவீத அசைக்ளோவிர். விலை குறைவு. ஒரு நாளைக்கு ஐந்து முறை, நான்கைந்து நாள் போட வேண்டும். மிச்சமாவது சராசரியாக அரை நாள், மிஞ்சினால் ஒரு நாள். பென்சிக்ளோவிர் என்ற க்ரீம் இதைவிடக் கொஞ்சம் மேல், ஆனால் விழித்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு மணிக்கொரு தடவை போட வேண்டும். ஐந்து பீரியட் தொடர்ந்து பாடம் எடுக்கும் நான் அதை எங்கே போடுவது? அமெரிக்காவில் டாக்டர் சீட்டில்லாமல் விற்கும் டோகோசனால் க்ரீமும் முக்கால் நாள் அளவுக்குத்தான் குறைக்கிறது.

ஏன் இவ்வளவு குறைவு? வைரஸ் பெருகுவது மேல்தோலின் அடி அடுக்கில். மேலே தடவியது அதுவரை இறங்குவதற்குள் அதன் வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அசைக்ளோவிர் இயங்கும் விதத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அது உடம்புக்குள் போனதும் வேலை செய்யாது. வைரஸ் தனக்காகத் தயாரிக்கும் ஒரு நொதிதான் அந்த மருந்தை முடுக்கிவிடுகிறது. திருடனே தன் கைவிலங்கைப் பூட்டிக்கொள்கிற கதை. இந்த மருந்தை உருவாக்கிய குழுவை வழிநடத்திய ஜெர்ட்ரூட் எலியனுக்கு 1988-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆனால் இந்தச் சாமர்த்தியத்துக்கே ஒரு எல்லை உண்டு: வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும்போதுதான் மருந்துக்கு வேலை. பொருக்குத் தட்டிய நான்காம் நாள் அங்கே பெருகுவதற்கு அதிகம் மிச்சமில்லை. அப்போது டியூபைப் பிதுக்குவது, கல்யாணம் முடிந்து பந்தல் பிரிக்கும்போது மொய்க் கவரோடு போய் நிற்பது மாதிரி.

நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் ஒரு எச்சரிக்கை. ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து மூன்றையும் ஒரே டியூபில் அடைத்த க்ரீமை "எல்லாத்துக்கும் கேக்கும்" என்று நீட்டுவார்கள். கல்லூரிக் காலத்தில் ஒரு கடையில் எனக்கும் நீட்டினார்கள். சிவப்பு மறுநாளே வடிந்தது, நல்ல மருந்து என்று நினைத்தேன். மூன்றாம் நாள் கொப்புளம் மூக்கடி வரை ஏறியிருந்தது. வைரஸுக்கு மருந்து இல்லாமல் ஸ்டீராய்டு மட்டும் போட்டால் உடம்பின் எதிர்ப்புத்தான் அடங்கும், வைரஸ் அடங்காது. டியூபின் பெயரைப் பார்க்காதீர்கள், அடியில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் பாருங்கள்.

ஒரு நாள் மாத்திரை

எனக்கு இதுதான் பிடித்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தராசை எந்தப் பக்கம் சாய்க்கிறேன் என்று தெரிந்துகொண்டு படியுங்கள்.

வாலாசைக்ளோவிர் உடம்புக்குள் போய் அசைக்ளோவிராக மாறுகிறது, ஆனால் அதைவிட நன்றாக ரத்தத்தில் சேரும். நமநமப்பு தொடங்கியதும் 2 கிராம், 12 மணி நேரம் கழித்து இன்னொரு 2 கிராம், அத்தோடு சரி. டாக்டர் எழுதிய சீட்டைக் கடைக்காரர் இரண்டு தடவை படித்துவிட்டு, "டீச்சர், ஐநூறு மில்லி மாத்திரைல ஒரே வேளைக்கு நாலா?" என்று கேட்டார். ஆமாம், நாலுதான். ஆய்வுகளில் சராசரியாக ஒரு நாள் மிச்சமானது. ஃபாம்சிக்ளோவிர் 1500 மில்லிகிராம் ஒரே வேளை என்று இன்னொரு முறை உண்டு. அதன் ஆய்வில் கிட்டத்தட்ட இரண்டு நாள் குறைந்தது. பழைய அசைக்ளோவிர் மாத்திரையும் பயன்படும், விலையும் குறைவு, ஆனால் ஒரு நாளைக்கு ஐந்து வேளை வீதம் ஐந்து நாள் தின்ன வேண்டும். நான் மூன்றாம் நாளே மறந்துவிடுவேன்.

ஒரு நாளோ இரண்டு நாளோ மிச்சமாவதற்கா இத்தனை மாத்திரை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கொப்புளமே எழும்பாமல் நின்றுவிடும் என்ற உறுதியையும் யாரும் தர முடியாது. தலைவலி, குமட்டல் சிலருக்கு வரும். கிட்னி பாதிப்பு உள்ளவர்கள் அளவைக் குறைக்க வேண்டும், கர்ப்பிணிகளும் குழந்தைகளும் டாக்டர் சொல்லாமல் தொடக் கூடாது. சீட்டு இல்லாமல் வாங்கவும் கூடாது. இவ்வளவும் ஒரு தட்டில். மறு தட்டில், வலி உச்சத்துக்குப் போவதற்குள் வேலை முடிகிறது, வகுப்பில் நாற்பது பிள்ளைகள் முன்னால் இரண்டு மணிக்கொரு தடவை உதட்டைத் தடவ வேண்டியதில்லை.

எந்த மாத்திரையானாலும் பலன் நேரத்தில்தான் இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு நமநமத்தால் அடுத்த நாள் டாக்டரிடம் டோக்கன் வாங்கிக் காத்திருந்து சீட்டு எழுதி வருவதற்குள் கொப்புளம் எழும்பிவிடும். ஆகவே புண் இல்லாத ஒரு நாளில் டாக்டரைப் பார்த்து, இன்ன மாதிரி வருகிறது, வருஷத்துக்கு இத்தனை தடவை என்று சொல்லி முன்கூட்டியே சீட்டு வாங்கி, மாத்திரையை வீட்டில் வைத்துக்கொள்வதுதான் வழி. க்ரீமா மாத்திரையா என்ற சண்டையில் பெரும்பாலானோர் கோட்டை விடுவது இதைத்தான். கையில் இருக்கும் சாதாரண க்ரீம்கூட, மூன்றாம் நாள் வாங்கிவரும் உசத்தி மாத்திரையைவிட மேல்.

தினமும் மாத்திரை

வருஷத்துக்கு ஆறு தடவைக்கு மேல் வந்தால், அல்லது ஒவ்வொரு தடவையும் முகமே வீங்கினால், டாக்டர்கள் இதை யோசிப்பார்கள். அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் இரு வேளை, அல்லது வாலாசைக்ளோவிர் 500 மில்லிகிராம் ஒரு வேளை என்று மாதக்கணக்கில். அசைக்ளோவிரை நான்கு மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் வரும் தடவைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. காக்ரேன் தொகுப்பாய்வோ, பலன் உண்டு ஆனால் சிறியது என்கிறது. இரண்டும் பொய்யில்லை. மாதம் ஒரு தடவை வருகிறவருக்குப் பாதி என்றால் வருஷத்தில் ஆறு கொப்புளம் மிச்சம். எனக்கு வருஷத்துக்கு மூன்று தடவை. ஒன்றரைக் கொப்புளத்தைத் தவிர்க்க முந்நூற்றறுபத்தைந்து நாள் மாத்திரை தின்ன எனக்கு மனசில்லை. நிறுத்தினால் பழையபடி வரும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட மலிவானது

1991-இல் ஒரு சோதனை. அடிக்கடி கொப்புளம் வருகிறவர்களின் உதட்டில் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினார்கள். வெறும் க்ரீம் பூசிய 38 பேரில் 27 பேருக்குக் கொப்புளம் வந்தது. சன்ஸ்கிரீன் பூசியிருந்தபோது 35 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. இது ஆய்வுக்கூடத்து வெயில், கத்திரி வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டுவதற்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். காய்ச்சலும் மாதவிலக்கும் கிளப்பும் கொப்புளத்துக்கு இது உதவவும் உதவாது. ஆனாலும் ஏப்ரல், மே மாதங்களில் விடைத்தாள் திருத்தப் போய்வரும்போது எனக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்தது, எஸ்பிஎஃப் 30 போட்ட லிப் பாமும் துப்பட்டாவும் வந்த பிறகு இரண்டு கோடையாக இல்லை. என் ஒருத்தியின் கதையை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருவருக்கு வெயில்தான் எழுப்பிவிடுகிறதா என்று தெரிய, வந்த தேதியையும் முதல் நாள் நடந்ததையும் காலண்டரில் குறித்து வந்தாலே போதும்.

சொந்தமாக முடிவெடுக்கக் கூடாதவர்கள்

புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், உறுப்பு மாற்றம் செய்தவர்கள், எச்ஐவி உள்ளவர்கள், தோல் அழற்சி உள்ள குழந்தைகள்: இவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. கண் சிவந்து வலித்தால், வெளிச்சம் பட்டுக் கூசினால் அன்றைக்கே கண் டாக்டர்.

பிறந்த குழந்தை இருக்கும் வீடு இன்னொன்று. பச்சைக் குழந்தையின் உடம்பில் இந்த வைரஸ் மூளை வரைக்கும் போகக்கூடும், உயிருக்கே ஆபத்து. பொருக்கு உதிரும் வரை முத்தம் கூடாது. டம்ளர், துண்டு, லிப்ஸ்டிக் தனியாக இருக்கட்டும், புண்ணைத் தொட்டால் கை கழுவ வேண்டும். ஆனால் நம் வீடுகளில் இதைச் சொல்வது லேசில்லை. கொழுந்தனாரின் குழந்தைக்குப் பெயர் வைத்த அன்று எனக்கு உதட்டில் கொப்புளம். மாஸ்க் போட்டுக்கொண்டு தள்ளி நின்றேன். "பிள்ளையைத் தூக்கக்கூட மாட்டாளாம்" என்று ஒரு பெரியம்மா முகம் திருப்பிக்கொண்டார். பிறகு உட்கார வைத்து விளக்கினேன். "எனக்கும் வருமேடீ, நான் எத்தனை பிள்ளைக்கு முத்தம் குடுத்திருக்கேன்" என்றார், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு வருகிறேன். அன்று ராத்திரி பத்தரைக்கு நாலு மாத்திரை, காலையில் பத்தரைக்குத் தட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது பந்திக் கூடத்தின் ஓரத்தில் நின்று இன்னொரு நாலு. கொப்புளம் வரத்தான் செய்தது, கடுகளவு. போட்டோவில் தெரியவில்லை, தங்கைக்கு மட்டும் தெரிந்தது. ஐந்தாம் நாள் பொருக்கு உதிர்ந்தது. மாத்திரை இல்லாமலே ஐந்தாம் நாள் உதிர்ந்திருக்குமோ என்னவோ, ஒரு தடவையை வைத்து அதைச் சொல்ல முடியாது. தீர்ந்த மாத்திரைப் பட்டைக்குப் பதில் புதுசு வாங்கிக் கைப்பையில் சேஃப்டி பின் டப்பாவோடு போட்டு, காலாவதித் தேதியைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.